உடலைச் சாட்சிக்கு அழைக்காதீர்!

"ஆண், பெண் என இரண்டே உண்டு, மூன்றாவது ஏது?" என்று முழங்குகிறார் பழைமைவாதி. நம் தோழர் விடுவாரா? "ஆணுடல் பெண்ணுடல் இரண்டிலும் அடங்காத உடலோடு குழந்தைகள் பிறக்கவில்லையா? ஆகவே, தம்மை ஆணென்றோ பெண்ணென்றோ கொள்ளாதவரை ஏற்றுக்கொள்ளும்!" என்று மடக்குகிறார். கைதட்டல் எழுகிறது. நானும் தட்டியவன்தான், பிறகே ஐயம் பிறந்தது.

ஊடுபால் என்பது உடலைப் பற்றிய செய்தி. குரோமோசோமோ, ஹார்மோனோ, உறுப்போ வழக்கமான அமைப்பினின்று மாறி அமைவது. ஆண், பெண் எனும் இருமைக்குள் அடங்காத பாலினமோ, ஒருவர் தம்மை இன்னாரென உணர்வதைப் பற்றியது. ஊடுபால் உடலோடு பிறந்து, தம்மை ஆணென்றே, பெண்ணென்றே கூறுவோர் பலர். உடலில் எவ்வித மாறுபாடுமின்றி இருமையை ஏற்காதோரும் பலர். இரண்டும் ஒருவரிடமே அமைதலும் உண்டு. எனினும், 2019இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இருசாராரையும் 'திருநர்' என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்தது.

ஒன்றைக் கொண்டு மற்றொன்றை நிறுவினால் விளைவது என்ன? ஜெர்மனியைப் பாருங்கள். 2018இல் அந்நாடு பிறப்புப் பதிவேட்டில் மூன்றாவது இடம் தந்தது. வாயிலில் மருத்துவரை நிறுத்தியது! உடலில் மாறுபாடு உண்டென்ற சான்று கேட்டது. ஊடுபால் அல்லாதோர்க்கு அவ்வழி இல்லையென 2020இல் நீதிமன்றமும் கூறிற்று. 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமே அந்தக் காவலை நீக்கிற்று. பூணூலைக் காட்டினால்தான் கருவறை என்பதற்கும், உடலைக் காட்டினால்தான் உரிமை என்பதற்கும் என்ன வேறுபாடு?

ஊடுபால் குழந்தைக்கு நேரும் கொடுமையோ வேறு. பேசத் தெரியுமுன் அதன்மேல் பாயும் கத்தி அது! "ஊர் என்ன சொல்லும்?" என்ற அச்சத்துக்காக, நோயற்ற உடலை அறுத்துத் 'திருத்துகிறார்கள்'. அச்சம் பெற்றோருக்கு, வடுவும் வலியும் வாழ்நாளெல்லாம் பிள்ளைக்கு. 2019 ஏப்ரல் 22 அன்று, திருநங்கை ஒருவரின் திருமணப் பதிவு வழக்கில் தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பெற்றோரின் இசைவு குழந்தையின் இசைவாகாது என்றும் கூறி, இத்தகைய அறுவையைத் தடுக்கும்படி அரசைப் பணித்தது. உயிருக்கு ஆபத்து நேர்ந்தாலன்றிக் கூடாதென அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. மணமகள் கேட்டது ஏற்பு. மழலைக்கு வேண்டியிருந்தது காப்பு.

நம் மேடைத் தோழர் அந்த மழலையைச் சாட்சிக்கு அழைத்தார், வாதத்தில் வென்றார், கத்தியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் இறங்கிவிட்டார். அடுத்த கூட்டத்தில் அதைத்தான் அவரிடம் கேட்கப் போகிறேன்.