மீட்ட முகமும் வரைந்த முகமும்

எங்கள் பாட்டனாருக்கு இருந்தது ஒரே ஒரு புகைப்படம். மன்னார்குடிப் பக்கத்துப் பூர்விக வீட்டுக் கூடத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் பல ஐப்பசி மழைகளின் ஈரத்தைக் குடித்து, இடக் கன்னமும் வாயும் கரைந்து வெள்ளைத் திட்டாகிவிட்டன. பஞ்ச கல்யாண விழா மலருக்குப் படம் கேட்டபோது, தம்பி மகன் அதைக் கணினியில் ஏற்றி ஒரு மென்பொருளிடம் ஒப்படைத்தான். இழந்த முகத்தை மீட்டுத் தருவதாக அதன் விளம்பரம் கூறிற்று. சில நொடிகளில் தெளிவான முகம் வந்தது, வீடே மகிழ்ந்தது. எண்பத்தாறு வயதான அத்தை மட்டும் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, “யார் தம்பி இது? அப்பாவுக்குக் கீழுதடு தடித்திருக்குமே” என்றார்.

மென்பொருள் தன் வாக்கைக் காத்ததா? பாதி காத்தது என்பதே நேர்மையான விடை. தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷாப் 1990-இல் வெளிவந்தது. அதுமுதல் இவ்வகைக் கருவிகள் கீறலை அகற்றுவதிலும் மங்கலைத் தெளிவிப்பதிலும் தேர்ந்து வந்துள்ளன. படத்தில் சிறிதேனும் எஞ்சியிருப்பதை அவை வெளிக்கொணர்கின்றன. களத்தில் நெல்லைத் தூற்றிப் பதரை நீக்குவது போன்ற பணி அது. வெள்ளைத் திட்டிலோ எஞ்சியது எதுவுமில்லை. அண்மைக்கால மென்பொருள்கள், தாம் பயின்ற எண்ணற்ற படங்களைக் கொண்டு, பொருந்தக்கூடிய ஓர் உதட்டைப் புதிதாக அங்கே வரைந்துவிடுகின்றன. விளையாத நெல்லை அளந்து போடுவதற்கு ஒப்பானது இது. இவ்விரண்டையும் ‘மீட்டல்’ என்ற ஒரே சொல்லால் விற்கின்றனர்.

அக்காலப் புகைப்பட நிலையத்தாரும், மறைந்தவரின் மூடிய கண்களைத் திறந்தாற்போலத் தீட்டிக் கொடுத்ததுண்டு. ஆயினும் தூரிகைத் தடம் பார்ப்பவருக்குத் தெரியும். இதில் தடமே இல்லை.

உமாஸ்வாமி ஆசாரியரின் தத்துவார்த்த சூத்திரம், சத்திய அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் கூடலேக கிரியையையும் சேர்த்துரைக்கிறது. பொய்யாவணம் எழுதுதல் என்பது அதன் பொருள். அத்தை அறிந்த முகம் அத்தையோடு போய்விடும். மலரில் அச்சான முகமே பேரப்பிள்ளைகளுக்கு ஆவணமாக நிற்கும். அப்படியானால் வரைந்ததெல்லாம் பொய்யாவணமா? அவ்வாறு சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஸ்தாபனை உருவமொத்தது, உருவமொவ்வாதது என இருவகைப்படும் என்பதைச் சிராவகர் அறிவர். சதுரங்கக் காயை அரசன் என்கிறோம். அதுவே அரசனின் முகச்சாயல் என்று எவரும் கூறாமையால் அங்கே பொய்யில்லை. உருவமொவ்வாத ஒன்றை உருவமொத்ததெனக் கையளிக்கும்போது விரதம் பழுதுபடுகிறது.

இச்சிக்கலுக்கு ஒரு வழியைத் தஞ்சைப் பெரிய கோயிலிலேயே காணலாம். கருவறையைச் சூழ்ந்த உள் நடைவழியில் சோழர்கால ஓவியங்களின்மேல் நாயக்கர் காலத்தில் வேறு ஓவியங்கள் தீட்டப்பட்டன. அடியிலிருந்த சோழர் ஓவியங்களை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பின்னாளில் தொல்லியல் துறையினர் மேலடுக்கைச் சிதைக்காமல் பெயர்த்தெடுத்துத் தனிப் பலகைகளில் பதித்துக் காத்தனர். வெளிப்பட்ட சோழர் ஓவியங்களும் பல இடங்களில் சிதைந்தே உள்ளன. அத்துறையின் பி.எஸ். ஸ்ரீராமன் அவற்றைப் பற்றி எழுதிய நூல் 2011-இல் வெளிவந்தது. எஞ்சியவற்றின் ஒளிப்படங்களும், அவர் மீட்டுருவாக்கிய வரைபடங்களும் அதில் உள்ளன. ஊகம் தாளில் இருக்கிறது. சுவர் சுவராகவே இருக்கிறது.

நாங்களும் மலருக்குக் கறைபட்ட படத்தையே கொடுத்தோம். அத்தை சொல்லச் சொல்ல, கீழுதட்டின் தடிப்பையும் இடக் கன்னத்து மச்சத்தையும் ஒரு தாளில் எழுதிச் சட்டத்தின் பின்புறம் ஒட்டியிருக்கிறேன். உறவினருக்கு முன்பே அனுப்பியிருந்த புதுப் படங்களைத் திரும்பப் பெற்று, ‘கணினி வரைந்தது’ எனக் கீழே குறித்து அனுப்பினோம். வந்தவாசியிலுள்ள என் தங்கை மட்டும், மாலையிட்டு மாட்டியாகிவிட்டது, இனிக் கழற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.