அமானிதமும் நம் மௌனமும்

தாயகத்துக்குப் புறப்படும் ஒருவர் தம் பெட்டியை நம் கடையில் வைத்துவிட்டுப் போகிறார். ரசீது கிடையாது, வாடகையும் கிடையாது. மூன்று வருஷம் கழித்து வந்தாலும் பெட்டி பூட்டுக் கலையாமல் அவர் கைக்குப் போகவேண்டும். அமானிதம் இன்னதென்று வியாபாரிகளாகிய நமக்கு எவரும் பாடம் சொல்லவேண்டியதில்லை. ஆனால், நம் பொருளை இன்னொருவர் அமானிதமாக வைத்திருக்கையில் நாம் வாய் மூடிக் கிடக்கலாமா என்பதை நம்மவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

சிலாங்கூரின் தென்பகுதியில் கோல லங்காட் வடக்குக் காப்புக்காடு இருக்கிறது. 1927-ல் அது ஜனங்களின் பேரால் சர்க்காரிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள் என்றே சொல்லலாம். அப்போது 7,000 ஹெக்டருக்கு மேல் இருந்தது, 2020-ல் எஞ்சியது சுமார் 957. அது சதுப்புக்காடு; அதன் மண் என்பது நீரில் ஊறிக் கிடக்கும் இலையும் மரமுமே. நீரை வடித்தால் அது காய்ந்து, தீப்பற்றினால் பூமிக்கடியிலேயே பல நாள் புகையும். சுற்றிலும் தெமுவான் பூர்வகுடிகள் வாழ்கிறார்கள்.

2020 பிப்ரவரியில் பத்திரிகையில் ஓர் அறிவிப்பு வந்தது. அந்த 957-ல் சுமார் 930 ஹெக்டரைக் காப்பிலிருந்து நீக்க உத்தேசம். ஆட்சேபணை உள்ளோர் 30 நாளில் எழுதலாம் என்றது. அறிவிப்புக் கொடுத்ததைக் குறை சொல்லமாட்டோம். சிலாங்கூர்ச் சட்டம் அப்படிக் கேட்கச் சொல்கிறது. பெட்டியைத் திறக்குமுன் உடையவரைக் கேட்பது முறைதானே? வந்து சேர்ந்த ஆட்சேபணைகள் 40,000-க்கும் அதிகம். அவற்றில் நம் கடை முத்திரை விழுந்தவை எத்தனை?

"நமக்கென்ன சம்பந்தம்?" என்கிறார் ஒருவர். அதே வருஷம் செப்டம்பரில் ரவாங்கில் ஆற்றில் கழிவு கலந்து, சுமார் 12 லட்சம் இணைப்புகளுக்குக் குழாய்த் தண்ணீர் நின்றபோது அவர் அப்படிக் கேட்கவில்லை. சாப்பாட்டுக் கடைக்காரர் அண்டாவைக் கழுவ வழியின்றி நின்றார். உளூச் செய்யவும் தண்ணீரைத் தேடினோம்.

இன்னொருவர் பயப்படுகிறார். "லைசென்ஸ் கொடுக்கும் சர்க்காரிடமே ஆட்சேபணையா?" இந்தப் பயத்தை நாம் ஏளனம் செய்யமாட்டோம், அந்நிய மண்ணில் கடை வைத்துப் பிழைத்த பாட்டன்மார் விட்டுச்சென்ற பயம் அது. ஆயினும் கேட்டபின் பதில் சொல்வது கலகமாகாது. உடையவன் பேசாதிருந்தால், பொருள் அவனுக்கு வேண்டாம் போலிருக்கிறது என்று காவல்காரன் எண்ணிக்கொள்வது சகஜம்.

பேசியதால் பலன் இருந்ததா? 2020 நவம்பரில் சிலாங்கூர் சட்டமன்றம் காட்டைக் காக்கத் தீர்மானித்தது. ஆயினும் 2021 மே மாதத்தில் ஆட்சிக்குழு 536 ஹெக்டரைச் சத்தமின்றி விடுவித்தது. ஆகஸ்டு 30-ல்தான் விஷயம் வெளியே தெரிந்தது. ஜனங்கள் மறுபடி எழுந்தார்கள். செப்டம்பர் 8-ல் மந்திரி புசார் முடிவைத் திரும்பப் பெற்றார். ஆக, ஒருமுறை எழுதிவிட்டுத் திண்ணையில் சாய்ந்துவிட முடியாது என்பதும் தெரிந்தது.

2022-ல் நாடாளுமன்றம் தேசிய வனச் சட்டத்தைத் திருத்தியது. காப்பிலிருந்து நிலத்தை நீக்குமுன் மாற்று நிலம் காட்டவேண்டும், பொதுமக்களை விசாரிக்கவேண்டும் என்பவை அதன் சாரம். ஆனால் காடு மாநில அதிகாரம். சட்டமன்றம் ஏற்றால்தான் திருத்தம் அந்த மாநிலத்தில் செல்லும். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் நமக்குச் சட்டமன்ற உறுப்பினர் கிடையாது; நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரே. "கிள்ளானில் மச்சான் இருக்கிறார், அவருக்கு இரண்டு பேரும் உண்டு, அவர் எழுதட்டும்" என்று நம் சங்க அறையில் ஒரு பெரியவர் சிரித்தார். கிள்ளானிலுள்ள மச்சான்மார் அதைக் கவனித்துக்கொள்ளட்டும். நாடாளுமன்றத்துக்கு எழுத வேண்டிய நம் கடிதம் மட்டும் இன்னும் மேசையில் கிடக்கிறது. கையொப்பத்துக்கு இடம் இருக்கிறது.