குணம் மாறினார் கடன் தீர்வரோ?

இளமையிற் பிறர்பொருளைக் கவர்ந்தான் ஒருவனை அவனது முதுமையிற் கண்டு வினவினால், "அன்று செய்தவன் வேறு, இன்றுள்ள யான் வேறு" என அவன் விடையிறுத்தல் கூடும். இதனை வெறுஞ் சாக்கென்று இகழ்ந்து தள்ளற்க. குணங்களெல்லாம் மாறிய வழியும் அவன் அவனே என்று கொள்ளுதற்கு ஏது யாது என்னும் வினா அதனுள் அடங்கிக் கிடக்கின்றது.

முப்பது வயதளவில் மக்கள் குணம் சாந்து போல் இறுகிவிடும் என அமெரிக்க உளநூற் புலவர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் எழுதினார். அது முழுதும் மெய்யாயின் முதுமையில் அவ்விடைக்கு இடமேயில்லை. ஆயின், இஃது ஊகத்தால் துணிதற்பாலதன்று. ஒரே மக்களை நெடுங்காலங் கழித்து மீண்டும் நோக்கியே அறிதற்பாலது. அங்ஙனம் நோக்கியவற்றுள் மிக நீண்ட இடைவெளியுடையவற்றுள் ஒன்று ஸ்காட்லாந்து தேசத்தில் நிகழ்ந்தது.

1936-இற் பிறந்த சிறாரின் அறிவாற்றல் அந்நாட்டில் 1947-இல் அளக்கப்பட்டது. அவருள், இரட்டைப்படை மாதங்களின் முதல் நாளிற் பிறந்த 1,208 பேர் தனியே தெரிந்தெடுக்கப்பட்டனர். அவர் ஏறத்தாழப் பதினான்கு வயதினராயிருந்தபோது, தன்னம்பிக்கை, விடாமுயற்சி, மனநிலை உலையாமை, கடமையுணர்ச்சி, புதியன காணுந் திறன், மேம்படும் வேட்கை என்னும் ஆறனையும் பற்றி அவர்தம் ஆசிரியர் மதிப்பிட்டு வைத்தனர். 2012-இல் எடின்பரோப் பல்கலைக்கழகத்து அறிஞர் அவரைத் தேடினர். இசைந்து விடையளித்தார் 174 பேரே. எழுபத்தேழு அகவையில் அவர் தம்மைத் தாமே அவ்வாறு குணங்களாலும் மதிப்பிட்டனர். அவரை நன்கறிந்தாரும் மதிப்பிட்டனர். 63 ஆண்டு இடையிட்ட மதிப்புக்களை நேரே ஒப்பிட, ஆறனுள் ஒன்றேனும் குறிப்பிடத்தக்க அளவு ஒத்து வந்திலது. மதிப்பிட்டாரது வேறுபாட்டைக் கழித்துக் கணித்தபோது மனநிலை உலையாமை ஒன்றே நிலைத்தமை புலனாயிற்று. கடமையுணர்ச்சி அதனை அடுத்து நின்றது. இவை 2016-இல் வெளிவந்தன.

இதனை மிகைபடக் கொள்ளலாகாது. ஈண்டு அளக்கப்பட்டது ஒத்த வயதினருள் யார் முந்தி யார் பிந்தி நின்றார் என்னும் வரிசையே. மேலும், ராபர்ட்ஸ், டெல்வெக்கியோ என்பார் 152 ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கி, அவ்வரிசை வயது ஏற ஏற நிலைபெறும் என 2000-இற் காட்டினர். ஜேம்ஸ் கூற்று முழுதும் பிழையன்று. உயிர் தான் சார்ந்ததன் தன்மையை எய்தும் என்னுங் கொள்கையுடைய நம்மனோர் சிலர், மேனாட்டார் நமக்குச் சான்று தந்தனர் என மகிழ்தலுங் கூடும். அது வேண்டா. வினாத்தாளில் அகப்படுவது குணமேயன்றிக் குணியன்று.

எனினும் ஒன்று நோக்குக. அவ்வறிஞர் அம்முதியோரைத் தேடியது விடாமுயற்சியையோ தன்னம்பிக்கையையோ அடையாளமாகக் கொண்டன்று. குணமே ஆளாயின், 1950-இன் சிறுவன் மறைந்தான், 2012-இன் கிழவன் வேறொருவன் என்று ஏட்டை மூடியிருத்தல் வேண்டும். 'மாறினான்' என்னும் சொல்லே மாற்றத்தினூடு நின்றான் ஒருவனை வேண்டுகின்றது. "யான் மாறினேன்" என்பான் தன் வழக்கைத் தானே இழக்கின்றான்.

அற்றேல், பெயரும் உடற்றொடர்ச்சியும் தேடிக் காண்டற்குப் போதும், பழி சுமத்தற்குப் போதுமோ எனின், அவன் பண்டு பெற்ற கல்வியின் பயனையும் தந்தை வைத்த நிலத்தின் விளைவையும் இன்றும் தனதென்றே நுகர்கின்றான். வரவிற்கு அவனே, செலவிற்கு வேறொருவன் என்னுங் கணக்கு எவ்வாற்றானும் பொருந்தாது. ஆதலின் கவர்ந்த பொருளை அவன் மீட்டளித்தல் வேண்டும். அவனைத் திருத்துதற்பொருட்டு இடுந் தண்டமோவெனின், திருந்தினான்மாட்டு அதற்குச் செய்தொழில் இல்லை. ஆண்டு அவன் குணமாற்றம் செல்லும். பொருளிழந்தான் அவனை இன்னும் கள்வன் என்றே விளித்தலும் முறையாகாது.

மூப்பின் நோயால் நினைவு முற்றும் அழிந்தான் திறம் இவற்றினும் அரியது. அவன் கடனை அவன் பொருளினின்று மக்கள் தீர்க்கலாம். ஆயின் தான் செய்ததனை அறியாதான் முன்னின்று "வருந்து" எனக் கேட்பார் யார்?