மன்னித்த பின்னும் தீராத கடன்

2024 நவம்பர் 26 அன்று காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியை வெள்ளம் மூடிப் பாய்ந்தது. மதரஸாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அந்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு, பிள்ளைகள் உயிரிழந்தார்கள். பொறுப்பு யாருடையது என்பது நீதிமன்றத்துக்குரிய விடயம். நம்மை உறுத்துவது, இப்படியான ஒவ்வொரு மரணத்துக்குப் பின்னும் நம் ஊர்களில் எழும் பேச்சு: 'களா கத்ர் (இறைவன் விதி), நாம் என்ன செய்ய?' பிள்ளையைப் பறிகொடுத்த உம்மாவுக்கு அந்தச் சொல் ஆறுதல். வாகனம் ஓட்டியவனுக்கு அதே சொல் ஒளிந்துகொள்ளும் இடமாகிவிடக் கூடாது.

வெள்ளம் கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. பாடசாலை வாசலில் ஓட்டுநரின் கையிலிருக்கும் போனை நாம் ஆபத்தாகவே எண்ணுவதில்லை. கல்முனையிலிருந்து நற்பிட்டிமுனை ஊடாகச் சவளக்கடை, கிட்டங்கிப் பக்கம் போகும் வீதியைக் காலை 7.30 மணிக்கு முன் பார்த்தால் போதும். நடந்துபோகும் பிள்ளைகள், பிள்ளைகளை அடைத்த ஆட்டோக்கள், வயலுக்குப் போகும் உழவு இயந்திரங்கள், இவற்றுக்கிடையே ஹெல்மட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பேசியபடி வளைந்து போகும் மோட்டார் சைக்கிள்கள். பின்னால் இருப்பது பெரும்பாலும் சொந்தப் பிள்ளை.

இப்படி ஓட்டிப் பிள்ளையொன்றை மோதினால் அதைத் தவறுதல் என்று சொல்ல முடியாது. மரணம் வேண்டுமானால் நினையாமல் நேர்ந்ததாக இருக்கலாம்; போனை எடுத்தது நினைத்தே செய்தது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவர், திரையில் யார் பெயர் என்று பார்க்க 3 வினாடி குனிந்தால், 33 மீற்றர் தூரம் வீதியைப் பார்க்காமலே ஓட்டியிருப்பார். பாடசாலை வாசலில் அத்தனை மீற்றருக்குள் எத்தனை பிள்ளைகள்? போன் பாவித்தபடி ஓட்டுபவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 4 மடங்கு என்கிறது உலக சுகாதார அமைப்பு. கையில் பிடிக்காமல் பேசுவதும் பெரிதாகப் பாதுகாப்பானதல்ல என்றும் அது சொல்கிறது. 2018 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகரில், ஆளில்லாக் கடவையைக் கடந்த பாடசாலை வேன் மீது ரயில் மோதி 13 பிள்ளைகள் இறந்தார்கள். ஓட்டுநர் காதில் இயர்போன் மாட்டியிருந்தார் என்றே அப்போது சொல்லப்பட்டது.

மார்க்கம் இதை எப்படிப் பார்க்கிறது? தவறுதல் என்றே வைத்துக்கொண்டாலும் பொறுப்பு நீங்குவதில்லை. அந்நிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனம் தவறுதலான கொலையைப் பற்றியது. அது இரண்டு கடமைகளை விதிக்கிறது. ஒன்று, குடும்பத்துக்குரிய நஷ்டஈடு. அதைக் குடும்பம் விரும்பினால் விட்டுக்கொடுக்கலாம். மற்றது கஃப்பாரா, ஓர் அடிமையை விடுதலை செய்வது, இயலாவிட்டால் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு. அதை விட்டுக்கொடுக்கும் உரிமை எந்த வாப்பாவுக்கும் இல்லை, எந்தப் பள்ளி நிர்வாகத்துக்கும் இல்லை. வாகன விபத்தை 1993இல் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தனியாகவே ஆராய்ந்தது. மார்க்கத்துக்கு முரணாகாத போக்குவரத்துச் சட்டங்களுக்குக் கட்டுப்படுவது மார்க்கக் கடமை, ஓட்டுநர் தான் விளைத்த தீங்குக்குப் பொறுப்பாளி என்பதே அதன் முடிவு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பாரம் போடச் சொன்ன நபிமொழியைத் தெரியாதவர் நம்மில் யாருமில்லை. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றால், பாதையில் தானே இடையூறாகப் போகிறவர் தன் ஈமானை எங்கே வைத்திருக்கிறார்?

நற்பிட்டிமுனையில் பக்கத்துத் தெருவில் இருக்கும் தமிழரின் மரபும் வேறாகச் சொல்லவில்லை. வள்ளுவர் மறதிக்கும் கவனக்குறைவுக்கும் எதிராகப் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே எழுதினார். பெரியபுராணம் சொல்லும் மனுநீதிச் சோழன் கதை, பார்க்கப்போனால், ஒரு வீதி விபத்துக் கதைதான். இளவரசன் காணாமலே கன்று தேர்க்காலில் பாய்ந்து இறந்தது. அவன் கையில் போனும் இருக்கவில்லை! பரிகாரம் செய்துகொள்ளலாம் என்ற அமைச்சரின் சொல்லை மன்னன் ஏற்கவில்லை. அவன் மகனுக்கு விதித்த தண்டனை இன்று யாருக்கும் வேண்டாம். ஆனால் உயிர் போனதற்குக் கணக்குக் கேட்டானே, அந்தக் கேள்வி வேண்டும்.

மறுபக்கம் ஒன்று இருக்கிறது. ஆட்டோக்காரரின் பிழைப்பு போனில்தான் வருகிறது. ஒரு ஹயரைத் தவறவிட்டால் அன்றைய வருமானம் குறையும். உண்மைதான். வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் திருப்பி எடுத்தால் அந்த ஹயர் பெரும்பாலும் அப்படியே கிடைக்கும்.

இன்னொன்று, மன்னிப்பு. மையித்தை அடக்கிய கையோடு, நாலு பெரியவர்கள் நடுவில், 'நான் மன்னிச்சிட்டன்' என்று ஒரு வாப்பா சொல்வது பெரிய மனசு. அதை ஊர் மதிக்க வேண்டும். ஆனால் அவர் மன்னித்தது தன் உரிமையை மட்டுமே. நாளைக்கு அதே வாசலைக் கடக்கப்போகும் அடுத்தவர் பிள்ளையின் உரிமையை அவரால் மன்னிக்க முடியாது. அசட்டையால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டுவரை சிறை என்கிறது தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு. அந்த வழக்கைச் சமாதானம் பேசி நீர்த்துப்போகச் செய்வதைப் பள்ளி நிர்வாகங்கள் நன்மை என்று நினைக்கக் கூடாது. ஏழை ஓட்டுநரின் குடும்பத்துக்கு உதவ ஸகாத் நிதி இருக்கிறது. பொலிஸ் வாக்குமூலத்தை மாற்றியமைத்துத்தான் இரக்கம் காட்ட வேண்டும் என்பதில்லை.

ஓட்டும்போது போன் பேசும் குற்றத்தில் பாதி, அழைப்பவருடையது. ஆட்டோ ஐந்து நிமிடம் தாமதித்தால் 'எங்க வாறீங்க?' என்று எடுப்பது நாம்தான். அவர் பதில் சொல்லாவிட்டால் கோபிப்பதும் நாம்தான். ஆகவே பெற்றோரே, காலை 7 மணிக்கும் 7.30க்கும் இடையில், மதியம் 1.30க்குப் பிறகு பிள்ளை வீடு வந்து சேரும்வரை, உங்கள் பிள்ளையை ஏற்றிவரும் ஓட்டுநருக்குப் போன் எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் அவர் உங்கள் அழைப்புக்குப் பதில் சொன்னால், நாளையிலிருந்து வேறு ஆட்டோ பாருங்கள்.