எவருக்கு வெளிப்படை?

விடுகதையின் விடையை அறிந்தபின், அதனை அறியாது திகைத்தவரைக் கண்டு நகைப்பது மனித இயல்பு. அந்நகைப்பு ஆக்கவுரிமை வழக்கொன்றில் தீர்ப்பாக மாறும்போது அது ஒழுக்கவியற் பிரச்சினையாகின்றது.

துறையிற் சாதாரண திறன் கொண்ட ஒருவருக்கு வெளிப்படையாய் இருந்திருக்கக்கூடிய எதற்கும் ஆக்கவுரிமை இல்லை என்பது ஐக்கிய அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. அந்த ஒருவர் எங்கும் வாழாதவர். துறையில் வெளியான யாவும் அவர் அறிந்தவையாகக் கொள்ளப்படும், எனினும் அவர் மேதையல்லர். (இத்தகைய மாணாக்கர் எப்பல்கலைக்கழகத்திலும் கிடைப்பாரல்லர்.) அவர் மனத்துட் புகுந்து பார்க்கவேண்டிய நீதிபதியோ விடையை முன்னரே அறிந்தவர்.

மீகடத்திப் படலங்கள் இதற்குத் தக்க உதாரணம். 1986இல் பெட்னோர்சும் முல்லரும் செப்பு ஒட்சைட்டுச் சேர்வையொன்றில் 30 கெல்வினை அண்மித்த வெப்பநிலையில் மீகடத்தலைக் கண்டனர். 1987இன் தொடக்கத்தில் இத்திரியமும் பேரியமும் சேர்ந்த செப்பு ஒட்சைட்டு 93 கெல்வினளவில் மீகடத்தியாயிற்று. திரவ நைதரசனின் கொதிநிலையாகிய 77 கெல்வினை அது கடந்துவிட்டது. நுண்கருவிகளுக்கு வேண்டியது கட்டியன்று, மெல்லிய படலம். லேசர்த் துடிப்பினாற் பொருளை ஆவியாக்கிப் படியச்செய்யும் முறை 1965இலேயே சோதிக்கப்பட்டிருந்தது. 1987இல் வெங்கடேசன் குழுவினர் அம்முறையாற் புதிய ஒட்சைட்டின் படலத்தை ஆக்கினர். பழைய முறை, தெரிந்த பொருள், இணைப்பு வெளிப்படைதானா?

ஆம் எனல் எளிது. ஆயின் இலத்திரன் கற்றையால் ஆவியாக்கல் முதலிய வேறு வழிகளும் அன்றிருந்தன. மூன்று உலோகங்களும் உரிய விகிதத்திற் படியவேண்டும். ஒட்சிசன் போதாதாயின் மீகடத்தல் கெடும். முயலத் தோன்றுதல் வேறு, வெற்றி கிட்டும் என எதிர்பார்க்க நியாயமிருத்தல் வேறு. தெரிந்த வழிகள் சிலவாகவும் விளைவு முன்கூறத்தக்கதாகவும் இருப்பின், முயலத் தோன்றியதே வெளிப்படைக்குச் சான்றாகலாம் என அமெரிக்க உயர் நீதிமன்றம் 2007இல் கே.எஸ்.ஆர். வழக்கிற் கூறிற்று. இவ்வொட்சைட்டுகள் ஏன் மீகடத்துகின்றன என்பதிற் கோட்பாட்டாளர் இன்றும் உடன்பட்டாரல்லர்; அங்கு முன்கூறல் எவ்வாறு?

மறுபுறமும் உண்டு. அவ்வாண்டில் ஆய்வுகூடங்கள் பல ஒரே வேட்டையில் இருந்தன. ஒருவர் செய்யாததை மற்றொருவர் அடுத்த மாதம் செய்திருப்பாராயின், முந்தியவருக்கு நெடுங்காலத் தனியுரிமை அளிப்பது, சமூகம் எவ்வாறாயினும் பெறவிருந்த ஒன்றுக்கு விலை கொடுப்பதாகும். உழைப்புக்கான பரிசு என்பதும் விடையாகாது. பிந்தியவரும் அதே அளவு உழைத்தவரே. ஆகவே நீதிபதிக்கு எளிதாய்த் தோன்றியதா என்பதைவிட, அன்று முயன்றோர் எத்துணைபேர், தோற்றோர் எத்துணைபேர் என்பதே நேர்மையான அளவுகோல். பிறரது தோல்வியையும் கருதலாம் என 1966இல் கிரகாம் வழக்கில் அந்நீதிமன்றமே கூறியிருந்தது. ஆனால் தோல்வியை ஏடுகளில் வெளியிடுவோர் மிகச் சிலர். அது பெரும்பாலும் ஆய்வுகூடக் குறிப்பேடுகளிலேயே புதைந்து கிடக்கின்றது.