சிறைவாயிலில் ஔடத தானம்



ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களை நம் முன்னோர் நமக்கு வகுத்தளித்துச் சென்றனர். இவற்றுள் ஔடத தானத்தை நாம் குறைவறச் செய்துவருவதாகவே எண்ணுகிறோம். ஜினாலய விழா நாட்களில் மருத்துவ முகாம் நடத்துகிறோம். நோயுற்ற துறவியர்க்கும் முதியோர்க்கும் மருந்து வாங்கித் தருகிறோம். நன்று. ஆயினும், நம் கை எட்டாத, உண்மையைச் சொல்லின் நம் மனம் எட்ட விரும்பாத, நோயாளர் ஒருவர் உளர். தண்டனைக் காலம் முடிந்து, தீராத நோயோடு சிறைவாயிலைக் கடந்து வருபவரே அவர்.

நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இருதய நோய், காசநோய் ஆகியவை நாள் தவறாது மருந்து வேண்டுபவை. சிறையினுள் மருத்துவர் உண்டு; மருந்துச் சீட்டும் உண்டு. வாயிலைக் கடந்ததும் அத்தொடர்பு அறுந்துவிடக் கூடும். இன்சுலின் இன்றி வாழ இயலாதவருக்கு அது நின்றால் சில நாட்களிலேயே உயிருக்குக் கேடு வரும். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால், கிருமி மருந்துக்கு அடங்காததாகி வீட்டாரையும் பற்றக்கூடும்.

இவ்விடைவெளி எத்துணைக் கொடியது என்பதை அமெரிக்க நாட்டு மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டியுள்ளனர். வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து 1999 ஜூலை முதல் 2003 டிசம்பர் வரை விடுதலையான 30,237 பேரை ஆராய்ந்து, 2007ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். விடுதலைக்குப் பின் முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் வாய்ப்பு, அம்மாநிலத்துப் பிற மக்களைக் காட்டிலும் 12.7 மடங்கு மிகுந்திருந்தது. அளவுமீறிய போதைப்பொருளே முதற்காரணம். இருதய நோயும் முக்கியக் காரணங்களுள் ஒன்று.

அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கைதியின் கடும் நோயை அறிந்தே புறக்கணிப்பது கொடுந்தண்டனையாகும் என 1976இல் தீர்ப்பளித்தது. ஆனால் அப்பாதுகாப்பு சிறைக்கதவோடு முடிந்துவிடுகிறது. 1965இல் தோன்றிய ‘மெடிக்கெய்டு’ என்னும் ஏழையர் மருத்துவக் காப்பீடோ, சிறையிலிருப்போர்க்கு மிகப் பெரும்பாலும் பயன்படாதவாறே அமைக்கப்பட்டது. ஆகவே, வெளிவந்தவர் அதில் மீண்டும் இணையும்வரை மருந்துக்கு வழியின்றித் தவிக்க நேர்ந்தது. கட்டுண்டிருந்தபோது கிடைத்த மருந்து, கட்டவிழ்ந்ததும் கிடைக்காமற் போவதை என்னென்பது!

“அவரவர் செய்த வினையை அவரவர் அனுபவிக்கிறார்” என நம்மில் சிலர் கூறக்கூடும். இது வினைக்கோட்பாட்டைத் திரித்துக் கூறுவதாகும். வினை தானே உதயமாகித் தன் பயனைத் தரும். அதற்கு நம் கல்நெஞ்சின் துணை வேண்டுவதில்லை. உயிர்களிடத்து இரக்கம் கொள்வதால் சாதா வேதனீயமும், துன்புறுத்துவதால் அசாதா வேதனீயமும் நம்மையே வந்து பற்றும் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்தன்றோ? நீதிமன்றம் அவருக்கு விதித்தது சிறைவாசம் மட்டுமே. மருந்தின்மையை எந்த நீதிபதியும் விதிக்கவில்லை. அதனை விதிப்பது நம் புறக்கணிப்பே.

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் அருவருப்பின்மைக்கு உத்தாயன மன்னனைச் சான்று காட்டுவர். முனிவர் உருவில் வந்த தேவன் தன்மீது வாந்தி எடுத்தபோதும், மன்னன் முகஞ்சுளியாது பணிவிடை செய்தான். நெறி தளர்ந்தோரை நிலைநிறுத்தும் ஸ்திதிகரணத்திற்குச் சான்றாவார் வாரிஷேணர். சிரேணிக மன்னரின் மைந்தரான அவர், செய்யாத களவுக்காகக் கொலைத்தண்டனை பெற்றவர். அதினின்று மீண்டு துறவு பூண்டவர். தளர்ந்த தோழரைத் தாங்கி நிறுத்தியவர் முன்னொருநாள் குற்றவாளி எனப்பட்டவரே என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதனையொத்த பணி சான்பிரான்சிஸ்கோ நகரில் 2006இல் தொடங்கியது. அங்குத் தோன்றிய மருத்துவ நிலையம் ஒன்று, சிறைவாசம் கண்டவர்களையே சுகாதாரப் பணியாளர்களாக அமர்த்தி, புதிதாக வெளிவருவோர்க்கு வழிகாட்டச் செய்தது. அந்நிலையத்தை நாடியோர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடவேண்டிய நிலை குறைந்ததாக 2012இல் வெளியான ஆய்வு கண்டது. விடுதலைக்கு 90 நாட்கள் முன்பிருந்தே மெடிக்கெய்டு உதவி அளிக்கக் கலிபோர்னியா மாநிலம் 2023 ஜனவரியில் இசைவு பெற்றது. வாயில் திறக்குமுன்பே வழி திறக்க வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்தனர்.

இது கடல் கடந்த நாட்டிற்கு மட்டும் உரிய செய்தியன்று. சிறை மருத்துவமும் பொது மருத்துவமும் இடையறாது தொடர வேண்டும் என ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள் எல்லா நாடுகளுக்கும் கூறுகின்றன. வேலூரிலும் கடலூரிலும் மத்திய சிறைகள் உள்ளன. அவற்றிலிருந்து வருபவர் நம் ஊருக்கும் வருவார். வெட்கத்தால் கதவடைத்திருப்பவரின் நோயை யார் அறிவார்?

ஆகவே நாம் செய்யத்தக்கவை மூன்று. ஒருவரை அழைத்துவரச் செல்லும் குடும்பத்தார், அவருடைய மருந்துச் சீட்டையும் சிகிச்சைக் குறிப்புகளையும் கேட்டுப் பெறுமாறு சொல்லுவோம். கையிருப்பு மருந்து தீருமுன் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ அரசு மருத்துவமனைக்கோ உடனழைத்துச் செல்வோம். “என்ன குற்றம் செய்தாய்?” என வினவாது, “மருந்து உண்டாயா?” என வினவுவோம். பிறர் குற்றத்தை மறைக்கும் உபகூகனமும் நற்காட்சியின் அங்கமே ஆகும்.

தக்கார்க்கு ஈதல் எளிது. தளர்ந்தார்க்கு ஈவதிலேயே நம் நற்காட்சி சோதிக்கப்படுகிறது.

அறம் வளர்க! அருள் பெருகுக!