பசி அடங்காத பிள்ளை

லேப்ரடார் குட்டி வாங்க நினைப்பவர்கள், "குழந்தைகளோடு பழகுமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நன்றாகவே பழகும், முன்பின் தெரியாதவரிடமும் வாலாட்டும். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: அது ஏங்கிப் பார்க்கும்போதெல்லாம் சோறு போடாமல் நம்மால் இருக்க முடியுமா?

இதன் பூர்விகம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவு. மீனவர்களோடு கடலில் இறங்கி, நழுவிய மீனையும் வலைக் கயிற்றையும் இழுத்துவந்த நாய்களின் வம்சம். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குப் போய், சுட்ட பறவையைப் பதமாகக் கவ்விவரும் வேட்டைத் துணையானது. பிரிட்டனின் கென்னல் கிளப் 1903இல் இதைத் தனி இனமாக ஏற்றது.

அந்தக் குளிர்கடல் உடம்பைத்தான் நம் ஊருக்குக் கொண்டுவருகிறோம். நீருக்காக அமைந்த இரண்டடுக்கு ரோமம் வீடெல்லாம் உதிரும். சித்திரை வெயிலில் நாயைத் திணறடிக்கும். விடிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் நடத்திச் செல்லுங்கள். தார்ச்சாலையில் புறங்கையைச் சில நொடிகள் வையுங்கள். உங்களுக்குப் பொறுக்காத சூடு அதன் பாதத்துக்கும் பொறுக்காது. கவ்வும் பழக்கமும் ரத்தத்தில் ஊறியது. குட்டிப் பருவத்தில் செருப்புகளை உயரத்தில் வைப்பதே நல்லது.

இனி பசி. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் ஒரு காரணத்தைக் கண்டறிந்தார்கள். நாலில் ஒரு லேப்ரடாருக்கு, 'போதும்' என்று மூளைக்குச் சொல்ல உதவும் மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. அப்படிப்பட்ட நாய் சாப்பிட்டு முடித்தும் கெஞ்சினால் அதைப் பேராசை என்று திட்டுவதில் நியாயமில்லை. அதன் 'போதும்' நம் கையில் இருக்கிறது.

அந்தக் கை இறுகினால் என்ன கிடைக்கும்? 48 லேப்ரடார்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஆய்வு 2002இல் வெளியானது. அவற்றை ஜோடிகளாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால்பங்கு குறைவாக உணவு கொடுத்தார்கள். குறைவாக உண்டவை ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. பன்னிரண்டு வயதே பெரிதான இந்த இனத்துக்கு இரண்டு ஆண்டு சாமானியமா?

ஆகவே உணவை அளந்து வையுங்கள். விலாவைத் தடவினால் எலும்பு தட்டுப்பட வேண்டும். மிஞ்சிய சாம்பார் சாதம் வேண்டாம். வெங்காயம் நாய்க்கு நஞ்சு. பாயசத்துத் திராட்சையும் அப்படியே.

தட்டை நக்கி முடித்தும் அது உங்கள் முகத்தையே பார்த்து நிற்கும். மனசு இளகும். அப்போது சோற்றுப் பானையைத் திறக்காமல், பந்தை எடுத்து வீசுங்கள். கவ்விக்கொண்டு ஓடிவரும், அதன் முன்னோர் கடலிலிருந்து மீனோடு வந்ததுபோல.